சேவலுக்குக் காய்ந்த மண்

கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல் என்றால் அதற்குத் தலைக்கனம் வராமல் என்ன செய்யும்? இடது காலில் மஞ்சள் துணியைக் கட்டிக்கொண்டு அது தெருவில் நடந்து வருகிற தோரணையைப் பார்த்தால் கிராம முன்சீப்பே ஒதுங்கி வழிவிடுவார். யார் வீட்டு வாசலில் சோளம் காய்ந்தாலும் முதல் வாய் அதற்குத்தான். ‘சூ’ என்று சொல்லிப் பார்க்கலாம். கல்லைக் கையில் எடுக்கக் கூடாது. அரியலூருக்குக் கிழக்கே, சுண்ணாம்புக் கல் வெட்டுகிற பள்ளங்களைத் தாண்டி இருந்த அந்தச் சின்ன ஊரில் மூன்றரை வருஷமாக அது இப்படித்தான் ராஜ்யம் பண்ணிக்கொண்டிருந்தது.

அப்பேர்ப்பட்ட சேவல், யுத்தம் முடிந்த அந்த வருஷத்துக் கார்த்திகை மழையில் கூவுவதை நிறுத்திவிட்டது.

முதலில் கவனித்தவள் காத்தாயி. அவள் கவனிக்காமல் வேறு யார் கவனிப்பார்கள்? அவளுடைய தாலியே அந்தச் சேவலின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னால் தப்பில்லை. அவள் புருஷன் கொளஞ்சியப்பன், தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கிற கங்காணி ஒருவன் பேச்சைக் கேட்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாவுக்கு ரப்பர்த் தோட்ட வேலைக்குப் போனவன். மூன்று வருஷத்தில் திரும்பி வருகிறேன் என்றான். மூன்று வருஷமும் கடுதாசி வந்தது. அப்புறம் அந்தப் பக்கம் குண்டு விழ ஆரம்பித்தது, கடுதாசி நின்றது. அடுத்த சித்திரையில் காத்தாயி ஒரு சேவல் குஞ்சைக் கருப்பசாமி கோயிலுக்கு எடுத்துக்கொண்டு போய், அவர் நல்லபடியாகத் திரும்பி வந்தால் இது உனக்கு என்று நேர்ந்துவிட்டாள். பூசாரி துணியைக் கட்டினார். இனி இதன் மேல் மனிதக் கை படக் கூடாது, பட்டால் நேர்த்தி முறிந்தது என்று அர்த்தம், ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் தொடலாம் என்று சொல்லி அனுப்பினார்.

மூன்றரை வருஷம் யாரும் தொடவில்லை. அது பாட்டுக்கு மேய்ந்தது, அது பாட்டுக்கு முருங்கை மரத்தில் ஏறித் தூங்கியது.

சிக்கல் ஐப்பசியில் வந்தது. ஜெயங்கொண்டத்துப் பக்கம் ஒருவன் மலேயாவிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பியிருக்கிறான் என்று கேள்விப்பட்டு, கொளஞ்சியப்பனின் அண்ணன் அங்கமுத்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தோட்டத்து ஆட்களை வண்டி வண்டியாகச் சயாம் காட்டுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள், போனவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை, உங்கள் தம்பியை நான் பார்க்கவில்லை என்று அவன் சொன்னானாம். அங்கமுத்து இரண்டு நாள் வயல் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள், தை அமாவாசைக்குத் தம்பிக்குக் கருமாதி செய்துவிடலாம் என்றார். எங்கோ காட்டில் கிடப்பவனுக்கு ஒரு வாய் தண்ணீர் இறைக்காமல் நாம் இங்கே சோறு தின்பது பாவம் என்றார். அவர் மனைவி ரத்தினம்மாளுக்கு வேறொரு கவலையும் இருந்தது. மகளுக்குத் தையில் கல்யாணம் பேசியிருந்தார்கள். சாவு உண்டா இல்லையா என்று தெரியாத வீட்டில் எப்படிப் பெண் எடுப்பது என்று மாப்பிள்ளை வீட்டார் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் பூசாரி ஒத்துக்கொள்ளவில்லை. ஆள் வரவேண்டும் என்று சாமிக்கு விட்ட உயிர் உலாவிக்கொண்டிருக்கும்போது, ஆள் செத்தான் என்று எப்படிக் காரியம் செய்வது? சேவல் தானாகச் செத்தாலோ, நேர்த்தி முறிந்தாலோ, சாமி கைவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம், அதுவரைக்கும் கூடாது என்றார். ஆகவே கொளஞ்சியப்பன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்பதைச் சேவல்தான் சொல்ல வேண்டும் என்று ஆயிற்று.

அன்றிலிருந்து அங்கமுத்து விடிந்து எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் கேட்கிற முதல் கேள்வி, “சேவல் கூவிச்சா?” என்பதுதான். காத்தாயிக்கு அது உள்ளே கேட்கும். எப்போது சாகும் என்று கேட்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். புருஷனின் அண்ணனான மூத்தாரிடம் நேருக்கு நேர் நின்று பேசுகிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. ஆகவே அவள் நினைத்ததை நினைத்தபடியே வைத்துக்கொண்டு பொருமினாள்.

சேவலுக்கு வந்தது பெரிய நோய் ஒன்றும் இல்லை, பேன்தான். கோழிக்குப் பேன் வருவது உலகத்தில் நடக்காததா? வெயில் காலத்தில் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் குழி பறித்து, புழுதியை வாரி இறைத்து, புரண்டு, சிறகுக்குள்ளெல்லாம் மண்ணை ஏற்றி ஒரு உதறு உதறினால் பேன் மண்ணோடு போய்விடும். கோழிக்கு அதுதான் குளியல். ஆனால் இருபது நாளாகப் பெய்கிற மழையில் ஊரில் ஒரு பிடி புழுதி இல்லை. அந்த ஊர்க் கரிசல் மண் நனைந்தால் காலோடு ஒட்டிக்கொண்டு வருமே தவிர உதிராது. மற்றவர்கள் தங்கள் கோழியை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு வேப்பெண்ணெய் தடவினார்கள். இதைத் தொட முடியாதே.

சேவல் இறகை உப்பிக்கொண்டு ஒரு மூலையில் நிற்கும். சட்டென்று சிறகுக்கடியில் வெடுக் வெடுக்கென்று கொத்திக்கொள்ளும். கொண்டை வெளுத்துவிட்டது. ஒரு பிடி நெல்லைப் போட்டால் நாலு மணி தின்றுவிட்டு நின்றுவிடும். காத்தாயிக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. உரலில் நெல்லைப் போட்டுவிட்டு உலக்கையைச் சாத்திவைத்துவிட்டு வெளியே ஓடுவாள். குடத்தைப் பாதி நிரப்பிவிட்டு மீதியை மறந்து திரும்பி வருவாள். வாசலுக்கும் கொல்லைக்கும் எத்தனை தடவை நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

முதலில் அடுப்புச் சாம்பலை வாரிக் கொண்டுபோய் வண்டிக் கொட்டகையின் ஓரத்தில் கொட்டினாள். ஈர விறகின் சாம்பல் பாதி கரியாகவே இருந்தது. சேவல் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது, ஒரு தடவை சீய்த்தது, போய்விட்டது. நேர்ந்துவிட்ட சேவல் அல்லவா, கண்டதில் குளிக்குமா? பாத்திரம் விளக்கச் சாம்பல் இல்லை என்று ரத்தினம்மாளின் முணுமுணுப்புதான் மிச்சம்.

அப்புறம் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. அவள் படுக்கிற உள்ளறையில் நெல் குதிர் நின்ற மூலை எந்த மழைக்கும் நனையாது. வீடு கட்டும்போது உடையார்பாளையத்துப் பக்கமிருந்து வண்டியில் செம்மண் கொண்டுவந்து கொட்டி இடித்த தரை. குதிர் கொல்லைப்புற அறைக்குப் போன பிறகு அந்த மூலை சும்மாதான் கிடந்தது. ஒரு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு களைக்கொத்தியால் கொத்தினாள். மேல் மெழுகு பெயர்ந்ததும் உள்ளே பொலபொலவென்று மண். அள்ளிப் பார்த்தாள். இளஞ்சூடாகக்கூட இருந்தது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

கதவு திறந்தது. ரத்தினம்மாள் குழியைப் பார்த்தாள், காத்தாயியைப் பார்த்தாள்.

“கடல் தாண்டிப் போனவன் படுத்த எடத்துல குழி வெட்டுறியாடி நீ? உனக்கு என்ன புத்தி கித்தி பெரண்டு போச்சா?”

அவள் சொன்ன பிறகுதான் காத்தாயிக்கு அந்தக் குழி பிணக்குழியாகத் தெரிந்தது. அள்ளிய மண்ணையெல்லாம் உள்ளே தள்ளி, தண்ணீர் தெளித்து, மிதித்து மெழுகினாள். சங்கதியைக் கேட்டு அங்கமுத்துவும் வாசலில் நின்றபடி, ஆள் வெளியே போயிருக்கும்போது வீட்டுக்குள் தரையைத் தோண்டக் கூடாது, இனி யாரும் அதில் கைவைக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் மார்கழி பிறந்தது. சேவல் மரத்தில் ஏறவில்லை. கீழேயே, வண்டிச் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. காத்தாயி ஒரு கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மழைக்குத் தலையிலிருந்து முதுகுவரை சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, ஒன்றரை மைல் தள்ளியிருந்த, சுண்ணாம்பு சுடுகிற காளவாய்க்கு நடந்தாள். கோழிக்கூட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தால் பேன் அண்டாது என்று அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சுவரில் அடித்தாலே அண்டாது என்றால் உடம்பில் பட்டால் எப்படி நிற்கும்? அதோடு காளவாயைப் போலக் காய்ந்த இடம் இந்த மழையில் வேறு எங்கே இருக்கிறது? யோசித்துப் பார்த்தால் சரியான யோசனைதான். அதுதான் வினை.

காளவாயில் கல் எரிக்கிற தங்கராசு அவள் பிறந்த ஊர்க்காரர். கொட்டகைக்குள் வெள்ளையும் சாம்பலுமாகக் கூட்டி வைத்திருந்த தூளைக் கேட்டதும் மறுப்புச் சொல்லாமல் கூடை நிறைய வாரிப் போட்டார்.

“வூட்டுக்குப் பூசவா, தங்கச்சி?”

சேவலுக்கு என்று சொன்னால் சிரிப்பார். “ஆமாண்ணே” என்றாள்.

“தண்ணி ஊத்துறப்ப தள்ளி நில்லு. கொதிக்கும்.”

காத்தாயி தலையாட்டினாள். அவள்தான் தண்ணீர் ஊற்றப்போவதில்லையே. மழை படாமல் சாக்கால் மூடிக்கொண்டு, தான் நனைந்தாலும் கூடை நனையாமல் வீடு வந்து சேர்ந்தாள்.

அன்றைக்கென்று வானம் கொஞ்சம் வெளுத்தது. வண்டிக் கொட்டகையில் பழைய பாயை விரித்துத் தூளைக் கொட்டிவிட்டுத் தள்ளிப்போய் நின்றாள். சேவல் எழுந்து வந்தது. சீய்த்தது. இன்னொரு தடவை சீய்த்தது. அப்புறம் நெஞ்சைத் தூளில் அமிழ்த்தி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, காலால் வாரி வாரி முதுகில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. எழுந்து ஒரு உதறு உதறியதில் கொட்டகையே புகைந்தது. காத்தாயி இருமிக்கொண்டே சிரித்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு சிரித்தாளோ.

மறுநாள் விடியலில் சேவல் கூவியது. தொண்டை கட்டின கூவல்தான், ஆனாலும் கூவல். “கூவிச்சா?” என்றார் அங்கமுத்து. “கூவிச்சு, கூவிச்சு” என்றாள் ரத்தினம்மாள் அலுத்துக்கொண்டு. அவர் வேப்பங்குச்சியை ஒடித்துக்கொண்டு போனார். உள்ளே காத்தாயி, ஏமாந்து போனீர்களா என்று மனதுக்குள் கருவிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலையில் தூறல் வலுத்தது. உடம்பு தேறிய திமிரில் சேவல் தெருவெல்லாம் சுற்றிவிட்டு, சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வந்தது. நேராகக் கொட்டகைக்குள் நுழைந்து தூளில் விழுந்து புரண்டது. காத்தாயி மாட்டுத் தொட்டிக்குக் கழுநீர் கொண்டுவந்தவள் பார்த்துக்கொண்டே நின்றாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு சேவலின் நெஞ்சிலிருந்து மெல்ல ஆவி வந்தது. தங்கராசு சொன்ன ஒரு சொல் அப்போதுதான் அவள் காதில் விழுந்தது. கொதிக்கும் என்றாரே.

சேவல் கத்தியது. கோழி கத்துகிற கத்தல் இல்லை அது. எழுந்து ஓடியது, விழுந்தது, நெஞ்சைத் தரையில் தேய்த்தது. ஈரத்தில் தேய்க்கத் தேய்க்க இன்னும் எரிந்தது. காத்தாயி கையை நீட்டினாள், நிறுத்தினாள். தொட்டால் முறிந்தது. தொடாமல் விட்டால் ஒருவேளை பிழைத்துக்கொள்ளும், பிழைத்தால் நேர்த்தி நிற்கும், தாலியும் நிற்கும். அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு ஒரு மூச்சு நேரம் நின்றோமே என்று பின்னால் அவள் வாழ்நாள் முழுக்க வெட்கப்பட்டாள். சேவல் இரண்டாம் முறை கத்தியபோது கணக்கு எங்கேயோ போய்விட்டது. பாய்ந்து இரண்டு கையாலும் அள்ளி, நெஞ்சோடு அணைத்து, தொட்டியில் தலையை மட்டும் வெளியே விட்டு முக்கினாள். முக்கி முக்கி எடுத்தாள். வெள்ளையாக ஓடியது தண்ணீர். அவள் முழங்கையெல்லாம் எரிந்தது.

சத்தம் கேட்டு ரத்தினம்மாள் ஓடி வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். “ஐயோ, கை பட்டுடுச்சே” என்றாள். அவளுக்குப் பின்னால் அங்கமுத்து வந்தார்.

காத்தாயி சேவலை மடியில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். நெஞ்சில் கொத்தாக இறகு கழன்று தோல் சிவந்து கிடந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நிமிர்ந்து பார்க்காத மூத்தாரை அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“தொட்டுட்டேன் மாமா. சுண்ணாம்பக் கொட்டினதும் நான்தான், தொட்டதும் நான்தான். கருமாதி பண்ணிக்குங்க. இது மட்டும் சாவாம இருக்கட்டும்.”

அங்கமுத்து கொட்டகைக்குள் வந்து குந்தினார். சேவல் மடியில் துள்ளியது, அதன் கால் அவள் கையைக் கிழித்தது. அவர் அந்தக் கால்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“துணிக்குள்ள சுண்ணாம்பு தங்கியிருக்கு பாரு. கால அரிச்சுடும்” என்றார். சொல்லிக்கொண்டே மஞ்சள் துணியின் முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்துத் தூரப் போட்டார். விளக்கெண்ணெய் எடுத்து வரச் சொல்லி மனைவியைப் பார்த்தார்.

ரத்தினம்மாள் அசையவில்லை. நீங்களுமா தொட்டீர்கள் என்று கேட்டாள். பூசாரி கேட்டால் என்ன சொல்வது, சாமி கேட்டால் என்ன சொல்வது, மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்வது என்று அடுக்கினாள்.

“சாமி கேட்டா ரெண்டு பேரையும் கேக்கட்டும். கல்யாணம் தையில இல்லன்னா வைகாசியில. நீ எண்ணெயக் கொண்டா.” பிறகு, யாரையும் பார்க்காமல் சொன்னார். “கருமாதின்னு சொன்னவன் நான்தான். ஆனா தெனமும் இது கூவுற வரைக்கும் எனக்கு எந்திரிக்கவே கால் வராது.”

காத்தாயி ஒன்றரை மாதமாக இந்த மனுஷரை மனதுக்குள் எப்படியெல்லாம் திட்டியிருக்கிறாள்! ஒரே கேள்வியைத்தான் இரண்டு பேரும் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் வெளியே, ஒருத்தி உள்ளே. அவள் கண்ணீர் சேவலின் முதுகில் சொட்டியது.

எண்ணெய் வந்தது. ரத்தினம்மாளே குனிந்து, சிவந்த இடத்தில் விரலால் தொட்டுத் தொட்டுத் தடவினாள். ஆக வீட்டுப் பெரியவர்கள் மூன்று பேருடைய கையும் பட்டாயிற்று. மிச்சத் தூளைப் பாயோடு சுருட்டி அங்கமுத்து வெளியே எறிந்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். உள்ளறையில் வெட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு வெட்டு, இரண்டு வெட்டு, அப்புறம் நிற்காமல்.

அவர் திரும்பி வந்தபோது கூடை நிறையச் செம்மண் இருந்தது. கொட்டகையின் மூலையில் கொட்டிக் கையால் பரப்பினார். இன்றைக்கு வேண்டாம், உடம்பு ஆறட்டும், புண் காய்ந்ததும் இதில் விடு என்றார். குனிந்திருந்தவரின் கையில் சேவல் மடியிலிருந்தபடியே எட்டி ஒரு கொத்து கொத்தியது. துணி போனாலும் திமிர் போகவில்லை. அவர் கையை உதறிக்கொண்டு எழுந்து, கூடையைத் தட்டினார்.

“அவன் வந்து, வூட்டத் தோண்டுனது யாருன்னு கேட்டா, அண்ணன்தான்னு சொல்லு.”

“சொல்றேன் மாமா” என்றாள் காத்தாயி.